எந்தத் தீவு என்பது அப்புறம், முதலில் எந்த மாதம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தீவுகளைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குச் சொன்ன பதிலை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம், ஆட்கள், செலவழிக்கத் தயாராக உள்ள தொகை, இந்த மூன்றையும் எழுதாமல் அனுப்பியவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடியவில்லை.

பீச்சுக்குப் போக எந்தத் தீவு சார் பெஸ்ட்? உடனே சொல்லவும். (திருமங்கலம்)

எந்த மாதம் போகிறீர்கள், யார் யார் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. இதற்கு ‘உடனே’ பதில் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

என் விருப்பத்தைக் கேட்டால் அந்தமானின் நீல் தீவு, அதுவும் பிப்ரவரியில். 2018-ல் ஷாகீத் தீவு என்று பெயர் மாறிவிட்டது. பெரிய ஹோட்டல் கூட்டம் இல்லை. ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்தால் அரை நாளில் மொத்தத் தீவையும் பார்த்துவிடலாம். பரத்பூர் கடற்கரையில் கடல் ஏறியிருக்கும் ஏற்ற நேரத்தில் இறங்கினால் இடுப்பளவு தண்ணீரில் கால் விரல் தெரியும். கடல் வடிந்து வற்றம் வந்ததும் அதே இடத்தில் பவளப் பாறை மேலே எழும்பி நிற்கும், நீந்த முடியாது, காலைக் கிழித்துவிடும். லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாலத்துக்கு நேர்மாறு, வற்றத்தில்தான் நடந்து போக முடியும். ஆகவே ஏற்ற வற்ற நேரத்தை முதல் நாளே தங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நம் கடிகாரம்தான், ஆனால் டிசம்பரில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து நிதானமாகக் கிளம்பினால் பாதி நாள் போய்விடும்.

லட்சத்தீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, அகத்தியில் இறங்கிப் பெர்மிட் வாங்கலாமா? (விளாங்குடி)

கூடாது. இந்தியர்களுக்கும் முன்கூட்டியே நுழைவு அனுமதி வேண்டும். அது கையில் வந்த பிறகுதான் கொச்சியிலிருந்து விமானமோ கப்பலோ.

தை மாதம் கல்யாணம். மாலத்தீவுக்கு ஐந்து நாள், இரண்டு பேருக்கு ஒன்றரை லட்சத்தில் முடியுமா? (மேலூர்)

முடியும். ஆனால் போட்டோக்களில் வரும் தண்ணீர் மேல் கட்டிய வில்லாவில் ஐந்து இரவு முடியாது. உள்ளூர் மக்கள் வாழும் மாஃபுஷி போன்ற தீவில் விருந்தினர் இல்லம் எடுங்கள். ஓர் இரவுக்கு ஐந்தாறாயிரம் ரூபாயில் நல்ல அறை கிடைக்கும். ஆசைக்கு ஒரு நாள், பகல் நேர டிக்கெட்டில் ரிசார்ட்டுக்குப் போய் வரலாம். தை, மாசி இரண்டும் அங்கே அருமையான மாதங்கள், அதில் கவலையே வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகள். அவற்றுக்கு அர்த்தம், 10 சதவீத சேவைக் கட்டணமும் 17 சதவீத வரியும் தனி என்பது. 100 ரூபாய் என்று பார்த்தது கிட்டத்தட்ட 130 ஆகிவிடும். பச்சை வரி வேறு இருக்கிறது, ஆளுக்கு ஓர் இரவுக்கு சிறிய விருந்தினர் இல்லத்தில் 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர். விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் செலவையும் கேளுங்கள். மாஃபுஷிக்கு ஸ்பீடு போட்டில் முக்கால் மணி நேரம், ஆளுக்கு இரண்டாயிரம் சொச்சம். தூரத்து ரிசார்ட் என்றால் கடல் விமானம், ஆளுக்குப் போக வர முப்பது, நாற்பதாயிரம் போய்விடும். அதுவும் பகலில் மட்டும்தான் பறக்கும். இரவில் மாலேயில் இறங்கினால் அங்கே ஒரு ராத்திரி தங்கும் செலவு உங்கள் தலையில்.

இன்னும் இரண்டு விஷயம். உள்ளூர்த் தீவுகளில் மது கிடையாது, வெளியிலிருந்து கொண்டுபோகவும் கூடாது. வழிபாட்டுக்கான சிலைகளுக்கும் சுங்கத்தில் தடை உண்டு. புதுப்பெண்ணின் பெட்டியில் அம்மா வைத்து அனுப்பும் சின்ன மீனாட்சி விக்கிரகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மதுரையிலிருந்து நேரடி விமானம் தேடி அலைய வேண்டாம். திருவனந்தபுரம் போனால் அங்கிருந்து மாலே ஒன்றேகால் மணி நேரம்தான்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. நான்கு பேருக்கு அந்தமான் ஐந்து இரவு பேக்கேஜ் பாதி விலைக்குக் கிடைத்தது. மே 24 கிளம்புகிறோம், முன்பணம் கட்டியாச்சு. என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? (அண்ணா நகர்)

முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். இதை நான் வருஷா வருஷம் எழுதுகிறேன். அழகர் மலைக்குத் திரும்பியதும் மதுரையில் பாதிக் குடும்பங்கள் பெட்டி கட்டுகின்றன. அந்தக் கூட்டத்துக்காகவே பாதி விலைப் பேக்கேஜ்கள் காத்திருக்கின்றன. ஏன் பாதி விலை என்று ஒருவரும் கேட்பதில்லை.

காரணம் காற்று. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரம் கேரளாவுக்கு வருவதைத்தான் செய்தியில் பார்க்கிறோம். அதற்குப் பத்து நாள் முன்பே, மே 20-ஐ ஒட்டி, அந்தமான் நிக்கோபார் கடலைத் தொட்டுவிடும். வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதமும் மே. காற்று ஏறினால் முதலில் நிற்பது படகு. ஹேவ்லாக், அதாவது இப்போதைய சுவராஜ் தீவு, போர்ட் பிளேரிலிருந்து (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது) படகில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. படகு இல்லையென்றால் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. நான் அனுப்பிவைத்த குடும்பங்களிலேயே படகுத்துறை ஜெட்டியில் பெட்டி மேல் உட்கார்ந்து, நனைந்த துண்டைப் பிழிந்து பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டு, அறிவிப்புக்காக மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. படகு ஓடினாலும் அலையில் ஆட்டம் போடும், பிள்ளைகள் வாந்தி எடுத்து ஓய்ந்துவிடுவார்கள். தண்ணீர் கலங்கிவிடும், பவளம் பார்க்கப் போனவர்கள் கலங்கலைத்தான் பார்ப்பார்கள். கடல் விளையாட்டுகளையும் பல நாட்களுக்கு நிறுத்திவைப்பார்கள். பேக்கேஜ் விற்றவர் இதில் எதையும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆபத்து எரிச்சலோடு நிற்பதில்லை. 2018 ஜூலையில் தாய்லாந்தின் ஃபுக்கெட் அருகே மோசமான வானிலையில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். ஃபுக்கெட், கிராபி, ஃபி ஃபி எல்லாமே அதே அந்தமான் கடலில், அதே காற்றுக்கு முகம் காட்டி நிற்பவை. மே முதல் அக்டோபர் வரை அங்கே மலிவாகக் கிடைக்கும் அறைகளுக்கும் இதே காரணம்தான். லட்சத்தீவு, மாலத்தீவுக்கும் மே பாதிக்கு மேல் இதே கதை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மே முதல் வாரம் என்றால்கூடப் பரவாயில்லை. முடியாது என்றால், போனதும் முதலில் தீவுக்குப் போய்விட்டு, கடைசி இரண்டு இரவையும் போர்ட் பிளேரில் வையுங்கள். கடைசி இரவைத் தீவில் வைக்கவே கூடாது, எந்த மாதமானாலும் சரி. படகு நின்றால் எவ்வளவு பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை ஜெட்டியில் செல்லாது. மழை பிடித்துக்கொண்டால் செல்லுலார் சிறையை அவசரமில்லாமல் பாருங்கள், 1883-ல் தொடங்கிய சாத்தம் மர ஆலையும் இருக்கிறது.

அப்படியானால் மே மாதம் எங்கேதான் போவது என்று எல்லோரும் கேட்பீர்கள். அந்தக் காற்றுக்கு முதுகு காட்டும் கரைக்குப் போங்கள். ஆடியில் கேரளா நனையும்போது மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால்தானே மதுரையில் வெறும் காற்று மட்டும் அடிக்கிறது? இலங்கையிலும் அப்படித்தான். நடுவில் இருக்கும் மலை மறைப்பதால் மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலை பக்கம் நிலாவெளி, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா. பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது, பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கடல் நான் பார்த்ததில்லை. மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேர விமானம், அங்கிருந்து சாலையில் ஆறு மணி நேரம். செலவு கூடினாலும் சரி என்பவர்களுக்கு பாலி இருக்கிறது, தாய்லாந்தில் கிழக்குப் பக்கம் கோ சாமுய் இருக்கிறது. அந்தமான்தான் வேண்டும் என்றால் பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இரண்டு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடி முழுகாது.

அந்தமானில் சங்கு, பவளத் துண்டு பொறுக்கி எடுத்து வரலாமா? கொலுவுக்கு வைக்கத்தான். (சோழவந்தான்)

வேண்டாம். பவளம் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கரையில் உதிர்ந்து கிடந்ததுதானே என்ற பேச்சு எடுபடாது.

வெளியூர் போக வசதி இல்லை. இரண்டு நாள் லீவில் ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடியில் குளிக்கலாமா? (டி. கல்லுப்பட்டி)

வசதி இல்லை என்று தயங்கி எழுத வேண்டியதே இல்லை. பாம்பனும் தீவுதான், மதுரையிலிருந்து 170 கிலோமீட்டரில். விடிகாலையில் கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம்.

ஆனால் அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது. இரண்டு கடலும் சேரும் இடம் அது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைப் பாருங்கள், தார்ச்சாலையில் முனை வரை போய் நில்லுங்கள், திரும்பிவிடுங்கள். மாலையானால் செக்போஸ்ட்டில் உள்ளே விடமாட்டார்கள்.

குளிப்பதற்கு மண்டபத்துக்கு முன்னாலேயே வரும் அரியமான் நல்ல இடம், சவுக்கு நிழலும் உண்டு. காற்றைப் பார்த்து இடத்தை மாற்றுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே தலைகீழ். ஆண் கடல், பெண் கடல் என்று அங்குள்ள மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்காதீர்கள்.

கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் உள்ளே போகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் இழுக்காது. கடலில் இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, தெம்பு தீர்ந்துவிடும். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கடற்கரையில் நான்கு நாள் உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறார். (திருநகர்)

படகு ஏறி இறங்கும் தீவு எதுவும் வேண்டாம், ஜெட்டிப் படிகளே அவரைச் சோர்வாக்கிவிடும். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் இலங்கையின் பெந்தோட்டை. கொழும்பு விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம் சொச்சம். தரைத்தள அறை, அறையிலிருந்து மணலுக்குப் படி இல்லாத வழி, இரண்டையும் முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள். உங்களைப் போல உடம்பையும் யோசித்து எழுதுபவர்கள் குறைவு. நல்லபடியாகக் கூட்டிப்போய் வாருங்கள்.

மொரீஷியஸ் ஜூலையில் எப்படி? (கே.கே. நகர்)

அங்கே ஜூலை குளிர்காலம். கிழக்குக் கரையில் காற்று வாட்டும். மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் தங்கினால் நீந்தலாம். அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

பாலியில் கடல் நீலமாக இருக்குமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? (ஒத்தக்கடை)

குட்டா, செமினியாக் எல்லாம் அலைச்சறுக்குக்கு ஏற்ற பெரிய அலைக் கரைகள். குடும்பத்தோடு குளிக்க நூசா துவா அல்லது சனூர், இரண்டுக்கும் முன்னால் பாறைத்திட்டு அலையைத் தடுக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையோடு மேற்குக் கரைகளில் குப்பையும் ஒதுங்கும். மார்ச்சை ஒட்டி வரும் நியேபி என்ற மௌன நாளன்று விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள், டிக்கெட் போடும்முன் தேதியைப் பாருங்கள். இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு. உள்ளூர்க் கடையில் சாப்பிட்டால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுது இருக்கும், வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எனக்கும் என் மகளுக்கும் நீச்சல் தெரியாது. ஸ்நார்க்லிங் செய்யலாமா? (உசிலம்பட்டி)

தாராளமாக. முகமூடியும் மூச்சுக் குழாயும் வைத்து மிதந்தபடி கடலுக்கடியைப் பார்ப்பதுதானே. லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் இறுக்கிக் கட்டுங்கள், தோளைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறக் கூடாது. வழிகாட்டி ஒருவர் இரண்டு பேருக்கு மேல் கூட்டிப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள். முகமூடியைப் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் வாயால் மூச்சுவிடப் பத்து நிமிஷம் பழகிவிட்டு ஆழத்துக்குப் போங்கள். துப்பட்டா, ஜீன்ஸ் கூடாது, தண்ணீரில் கனத்துக் கீழே இழுக்கும். லெக்கிங்ஸும் முழுக்கை டீ ஷர்ட்டும் போதும். தாலிக்கொடியும் மோதிரமும் அறையிலேயே பூட்டில் இருக்கட்டும். ஈரத்தில் விரல் சுருங்கி மோதிரம் கழன்றால் பவளத்துக்குள் தேடி எடுக்க முடியாது.