அழுத்திப் பிடிச்சாத்தான் தோள்வலி போகுமா?

கேள்வி: அக்கா, தினமும் பினாங்குல, பட்டர்வொர்த்துல இருந்து பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் பேக்டரிக்கு கார்ல போறேன். தோள்பட்டை ரெண்டும் இறுகிக் கிடக்கு. உருட் (மசாஜ்) போனா ரெண்டு நாள் நல்லாருக்கு, அப்புறம் பழையபடிதான். தோழி ஒருத்தி ஃபெல்டன்கிரைஸ் கிளாஸுக்குக் கூப்பிடுறா. தரையில படுத்து மெதுவா அசையணுமாம், அவ்ளோதானாம். இதுக்கெல்லாம் காசு கட்டணுமா?

பதில்: உருட் போறது தப்பில்லமா. ஆனா அவங்க இளக்கி விட்டத மறுநாள் காலையில பாலத்து ஜாம்ல ஸ்டேரிங்க இறுக்கிப் பிடிச்சுகிட்டு நீயே திரும்ப ஏத்திடுற, ஏத்துறதே உனக்குத் தெரியறதில்ல, அதான் பிரச்சனை. சூப்பர்வைசர் பேரு போன்ல வந்தா தோள் காதுகிட்ட போகுதா, மூச்சு நிக்குதான்னு ஒருநாள் கவனிச்சுப் பாரேன்.

ஃபெல்டன்கிரைஸ் (1904-1984) இயற்பியல் படிச்சவரு, ஜூடோ ஆளு. முட்டி அடிபட்டு அவஸ்தைப்பட்டப்ப தன் அசைவையே கவனிச்சுக் கவனிச்சு இந்த முறைய உண்டாக்கினாரு. நம்ம ஆளுங்களுக்கு வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு நெனப்பு, இவரு சொன்னது நேர் எதிர். பலமா இழுத்தா சின்ன வித்தியாசம் உடம்புக்குத் தெரியாது. தைப்பூசத்தன்னைக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துல உறுமி அடிக்கறப்ப பைக்குள்ள போன் அடிச்சா கேக்குமா? அந்த மாதிரிதான்.

இன்னைக்கு ராத்திரியே செஞ்சு பாரு, காசு வேணாம். பாய்ல மல்லாந்து படு, முட்டிய மடக்கிக்கோ, தலைக்கு ஒரு துண்டு. வலது தோள மட்டும் காதுப் பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் நகத்து, திரும்ப விடு. அவசரமே இல்லாம, மூச்சப் பிடிக்காம ஏழெட்டு தடவ. அப்புறம் சும்மா கிடந்து ரெண்டு தோளும் தரையில எப்படி படிஞ்சிருக்குன்னு ஒப்பிட்டுப் பாரு, அதுக்கப்புறம்தான் இடது பக்கம். இந்த ஒப்பிடற நேரத்த விட்டுடாத, அதுலதான் விஷயமே இருக்கு. ஒண்ணுமே தெரியலன்னா கைய அஞ்சு விநாடி இறுக்கி மூடிட்டு பட்டுனு விடு, இறுக்கம்னா என்ன தளர்வுன்னா என்னன்னு புரியும். ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் இத வச்சு 1929லயே புக்கே போட்டுட்டாரு.

கிளாஸுக்கு ஒருதடவ போய்ப் பாரு, பிடிச்சா தொடரு. ஆனா முதல் நாளே பேக்கேஜ் எடுன்னு நெருக்கினாலோ, சுகர் பிரஷரெல்லாம் போயிடும்னு அளந்தாலோ எழுந்து வந்துடு.

கை மரத்துப் போறது, சாமான் நழுவறது இருந்தா மட்டும் உருட், கிளாஸ் எல்லாத்தையும் நிறுத்திட்டு முதல்ல அரசாங்க கிளினிக்குக்குப் போ, 1 வெள்ளி (ரிங்கிட்)தான், தேவைப்பட்டா பிசியோவுக்கு எழுதிக் குடுப்பாங்க. வேலைக்கு லீவு கிடைக்காதுன்னு தள்ளிப் போடாத, டாக்டர்கிட்ட எம்.சி (மெடிக்கல் லீவு சர்டிபிகேட்) கேளு.