பக்கத்து ஆலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? அடக்கக் கணக்குக் கேள்வி பதில்

நெல்லை, தென்காசிப் பக்கம் தொழில் செய்கிறவர்கள் கேட்டவை இவை. முப்பது வருஷமாக ஆலைகளுக்கும் கடைகளுக்கும் அடக்கக் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம், அரிசி ஆலை: அண்ணாச்சி, பக்கத்து ஆலைக்காரர் மூட்டைக்கு என்னைவிடக் குறைத்துக் கொடுக்கிறார். அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?

அவர் விற்கிற விலையை விட்டுருங்க தம்பி. உங்க ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி காணுது? அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கிற ஆலைகள் 100 கிலோவுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ திருப்பித் தரணும். யாரிடமும் கெஞ்சாமல் கையில் கிடைக்கிற அளவுகோல் இது. புழுங்கலில் உங்களுக்கு 65தான் காணுது என்றால், 10 டன் நெல்லில் 300 கிலோ அரிசி குறையுது. மூட்டை விலை வித்தியாசம் அங்கேயே இருக்கலாம்.

கார் போக நெல்லையும் பிசானப் போக நெல்லையும் ஒரே கணக்கில் போட்டுவிடாதீங்க, ஈரம் வேற. காருக்குக் கார், பிசானத்துக்குப் பிசானம். அடுத்தது நொய் எவ்வளவு விழுது, தவிடு எங்கே போகுது, பாய்லருக்கு உமியா விறகா என்று பாருங்க. ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று தினமும் மீட்டரைப் பார்த்து எழுதுங்க. ரூபாயில் எழுதினால் கட்டணம் ஏறும்போது கணக்குக் குழம்பிரும், யூனிட் குழம்பாது. அவர் கடனை அடைத்து முடித்தவர், நீங்க வட்டி கட்டுகிறவர் என்றால் அதைத் தனியாக வைங்க. வட்டி ஆலையின் திறமைக் குறைவு இல்லை.

கல்லிடைக்குறிச்சி, அப்பளம்: அடுத்தவங்க கணக்கை எங்கே பார்க்க, அண்ணாச்சி?

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் வருஷக் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடம் கொடுத்தே ஆகணும். கட்டணம் கட்டி இணையத்தில் யாரும் பார்க்கலாம். தனியாள் கடைக்கு அந்த வழி கிடையாது. அந்தக் கடைக்காரர் அப்பளப் பாக்கெட்டை வாங்கி வாங்க தங்கச்சி. எடை போடுங்க, அப்பளத்தை எண்ணுங்க, எத்தனை உடைந்திருக்கு என்று பாருங்க. உளுந்து மொத்த விலை உங்களுக்கே தெரியும், முக்கால்வாசிக் கணக்கு வந்துரும். அவருடைய வேலையாளுக்குக் காசு கொடுத்து விசாரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

திருநெல்வேலி டவுன், அல்வாக் கடை: நாங்க பத்துக் கடைக்காரங்க கணக்கைப் பகிர்ந்துகொள்ளலாமா?

நல்ல யோசனை. பொதுவான ஒரு ஆடிட்டரிடம் போன வருஷக் கணக்கைக் கொடுங்க: கிலோ அல்வாவுக்கு எவ்வளவு நெய், எவ்வளவு எரிபொருள், எத்தனை மணி நேரம் கிண்டுறீங்க என்று. அவர் கடைப் பேர்களை மறைத்துவிட்டு ஆகக் குறைவு, நடு, ஆக அதிகம் என்று மூன்றை மட்டும் சொல்லட்டும். ஆனால் கிலோ இன்ன விலைக்குத்தான் விற்கணும் என்று பேசி முடிவு செய்தால் அது 2002ஆம் வருஷப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். அந்தக் கூட்டத்தில் விற்பனை விலைப் பேச்சையே எடுக்காதீங்க.

பத்தமடை, பாய்: பிளாஸ்டிக் பாய் விலைக்கு எங்களால் இறங்க முடியலையே?

இறங்க வேண்டாம் தாயி. அது வேற சரக்கு. ஒரு பாய்க்கு எத்தனை நாள், கோரையில் எவ்வளவு கழிவு, சொன்ன தேதிக்கு எத்தனை ஆர்டர் போச்சு என்று இன்னொரு நெசவுக்காரரோடு ஒப்பிடுங்க. பட்டுப் பாயைச் சாதாப் பாயோடு சேர்க்காதீங்க.

சங்கரன்கோவில், ஜவுளி: எங்க தொழிலில் ஒப்பிட ஆளே இல்லை.

வேற தொழிலைப் பாருங்க. 1979 வாக்கில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனி, தான் தயாரிக்க ஆகிற செலவுக்கே ஜப்பான்காரர்கள் மிஷினை விற்பதைக் கண்டு தன் கணக்கை அவர்களோடு ஒப்பிட ஆரம்பித்தது. பிறகு கிடங்கு வேலையைப் படிக்கப் போனது, தபாலில் துணிமணி விற்கும் எல்.எல். பீன் கம்பெனிக்கு. உங்களுக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம்தானே? அழுகிப்போகிற சரக்கை விடியுமுன் எப்படிப் பிரித்து லாரி ஏற்றுகிறார்கள் என்று ஒருநாள் போய் நின்று பாருங்க. கையில் ஒரு கடிகாரமும் நோட்டும் இருக்கட்டும்.