ஊமைப்படக் காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கைப்பேசியில் பாதி ஓட்டிப் பார்த்துவிட்டு, 'சிரிப்பே வரலையே' என்றுதான் இதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது.

அப்பா தச்சு வேலை செய்தவர். இப்போது முட்டி வலி, வீட்டோடு இருக்கிறார். டிவியில் சினிமா போட்டால் எழுந்து போய்விடுவார். 1920-ல் வந்த இந்த இரண்டு ரீல் குறும்படத்துக்கு மட்டும் நகரவில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு ஒரு வீடு பெட்டி பெட்டியாகப் பரிசு வருகிறது. எண் வரிசைப்படி பூட்டினால் வீடு தயார். அந்தப் பெண்ணைக் கட்ட நினைத்து ஏமாந்த ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். பாடுபட்டு எழுப்பிய வீடு கோணல்மாணலாக நிற்கிறது. மாடிக் கதவைத் திறந்தால் வெளியே வெறும் காற்று.

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "வேலையெல்லாம் சுத்தமாத்தான் செஞ்சிருக்கான். நம்பர்தான் தப்பு" என்றார்.

கீட்டன் அதுதான். சிரிக்க வைக்கிறேன் பார் என்று முகத்தைக் கோணுவதில்லை. கொடுத்த வேலையைக் கர்மசிரத்தையாகச் செய்வார். எட்வர்டு கிளைனோடு சேர்ந்து இயக்கிய இந்தப் படத்தில் கேமராவும் பெரும்பாலும் தள்ளி நின்று ஆளையும் வீட்டையும் முழுசாகக் காட்டும். புயலில் வீடு பம்பரமாகச் சுற்ற வேண்டும் என்று சுழல்மேடை மேல் நிஜமாகவே வீடு கட்டினார்கள். மினியேச்சர் பொம்மையாக இருந்திருந்தால் அப்பா அப்போதே எழுந்திருப்பார்.

கடைசியில், கட்டியது தப்பான மனையில் என்று தெரிந்து வீட்டை இழுத்துப் போகும்போது அது தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். அது பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்பதற்குள் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டை நொறுக்குகிறது. கீட்டன் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையை வைத்து, கூடவே வீடு கட்டும் குறிப்புத் தாளையும் வைத்துவிட்டு மனைவியோடு நடக்கிறார். அந்தத் தாளுக்குத்தான் அப்பா சிரித்தார், இருமல் வரும்வரை.

சாப்ளின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. சாப்ளின் படத்துக்கு அப்பா எழுந்து போனார் என்பது மட்டும் உண்மை.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது அலமாரி செய்து தருகிறேன் என்றார் அப்பா. 'உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்' என்று ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியில் வந்தது. ஆறு ஸ்குரூ குறைச்சல், கதவு இரண்டும் வலப்பக்கக் கதவு. போன் செய்தால் "மேனுவலைப் பாருங்க சார்" என்கிறார்கள். நாலு மாதமாக இதே பாட்டு. ஒற்றைக் கதவோடு ஹாலில் நிற்கிறது.

படம் முடிந்ததும் அப்பா அதைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கும் ஒரு போர்டு மாட்டிடு. அந்தத் தாளை மறந்துடாதே."