சாரதா சட்டத்துக்கு முந்தின கல்யாணம்

ஒரு தலைமுறைக்கு இயல்பாக இருந்தது அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுமையாகத் தோன்றத் தொடங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் பேசுவதைவிட, என் குடும்பம் நேரில் கண்ட ஒரு மாற்றத்தை, பெண்ணின் திருமண வயதை, வைத்தே பதில் சொல்கிறேன்.

மாயவரம் பக்கத்தில் பிறந்த என் பாட்டியின் திருமணத்தை எங்கள் வீட்டில் 'சாரதா சட்டத்துக்கு முந்தின கல்யாணம்' என்றுதான் சொல்வார்கள். மத்திய சட்டசபை உறுப்பினர் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்பது அது வகுத்த வரம்பு. இடைப்பட்ட அந்த ஆறு மாதங்களுக்குள் அவசர அவசரமாகத் தாலி கட்டப்பட்ட எத்தனையோ சிறுமிகளுள் ஒன்பது வயதான என் பாட்டியும் ஒருவர். அவருடைய தந்தை கல்நெஞ்சர் அல்லர். பெண் ருதுவாவதற்கு முன் கன்னிகாதானம் செய்துவிட வேண்டும் என்று நம்பிய ஊரில், பன்னிரண்டு வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருந்தால் அதற்கான காரணத்தை அவர்தான் ஊராருக்குச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதில் மணம் முடித்ததற்கு யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை. கணித மேதை ராமானுஜன் 1909இல் மணந்தபோது ஜானகிக்கு வயது 10 என்பதும் அன்று ஒரு செய்தியே அல்ல.

இயல்பு என்று நாம் சொல்வது, என் கணிப்பில், காரணம் சொல்லத் தேவையில்லாத நிலைதான். காரணம் சொல்லும் அந்தச் சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறும்போது வழக்கம் மாறிவிடுகிறது.

சட்டம் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. வரம்பை மீறி நடந்த திருமணமும் செல்லுபடியானது. யாராவது புகார் கொடுத்தால்தான் வழக்கு. எல்லை தாண்டிப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போய்த் தாலி கட்டி வந்தவர்களும் உண்டு. என் அம்மாவை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்ததற்குப் பாட்டி சொன்ன காரணம் சீர்திருத்தமன்று; மாப்பிள்ளை வீட்டார் படித்த பெண்ணாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான். (வாதத்தில் தோற்று மனம் மாறியவர் எங்கள் உறவில் ஒருவர்கூட இல்லை.) பிற்பாடு அரசும் இதே வழியைப் பிடித்துக்கொண்டது. 1989இல் தமிழகத்தில் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், மணப்பெண் எட்டாம் வகுப்பு வரையாவது படித்திருக்க வேண்டும் என்றது. 2022இல் அது, மேற்படிப்பில் சேரும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாகவே மாற்றப்பட்டது.

இன்றும் குழந்தைத் திருமணங்கள் நடக்காமலில்லை. ஆனால் பாட்டியின் கல்யாணத்தை ஊரைக் கூட்டி நடத்தினார்கள். இன்று அப்படி ஒன்றை நடத்துபவர் கல்யாணப் பத்திரிகைகூட அடிக்காமல் விடியுமுன் முடிக்கப் பார்க்கிறார்.

பெண்ணின் திருமண வயது 18 ஆனது 1978இல்தான். அதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் வந்து, நிறைவேறாமலே காலாவதியானது. அதை எதிர்த்தவர்கள் பலர் வாதாடியது, வாக்களிக்கத் தகுதி பெற்ற 18 வயதுப் பெண்ணுக்குத் தன் மணத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று. 1929இல் சாரதாவை எதிர்த்தவர்களின் காதில் இது விழுந்திருந்தால், தங்கள் பக்கம் பேசுகிறார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள்.