அந்த 'மேலே' எங்கே இருக்கிறது?

கேள்வி: பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருக்கிறேன். கலெக்டர் ஆக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. எம்.ஏ. பொது நிர்வாகம் படித்தால் யு.பி.எஸ்.சி. தேர்வு எளிதாகிவிடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். "இரண்டு வருடம் வீண், நேராகத் தேர்வுக்குப் படி" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: தேர்வு எழுத எம்.ஏ. தேவையில்லை. ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும் போதும். அந்த அளவில் அப்பா சொல்வது சரி.

பேராசிரியர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. முதல்நிலைத் தேர்வில் தேறியவர்கள் எழுதும் மெயின்ஸில் தரவரிசைக்குச் சேரும் எழுத்துத் தாள்களின் 1750 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்கு. பொது நிர்வாகத்தையே எடுத்தால் படித்தது கைகொடுக்கும். ஆனால் 'எளிதாகிவிடும்' என்பதை நம்பாதீர்கள். பொது அறிவுத் தாள் ஒன்றில் 3 மணி நேரத்தில் 20 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 9 நிமிடம். கல்லூரித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய கைக்கு அது வேறு வித்தை.

ஆனாலும் நீங்கள் சேர வேண்டும் என்றே சொல்வேன். 2025 அறிவிப்பில் நாடு முழுவதற்கும் காலியிடங்கள் 979. எழுதுகிறவர்கள் பல லட்சம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஐந்து முறை எழுதினாள். கெட்டிக்காரி, இரண்டு முறை மெயின்ஸ் வரை போனவள். 29 வயதில் வேறு வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு அந்தப் படிவத்தில் எழுத அவளிடம் ஒன்றுமே இல்லை. எட்டு வருடப் படிப்புக்கு ஒரு தாள்கூட அத்தாட்சி கிடையாது. அவள் அழுததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கையில் எம்.ஏ. இருந்தால் கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தகுதித் தேர்வு எழுதலாம், கல்லூரியில் பாடம் சொல்லலாம். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் என்று ஒன்று 2022-ல் தொடங்கியது. இளைஞர்களை அரசுத் திட்டங்களோடு நேரடியாக வேலை செய்ய வைக்கிறார்கள். வெறும் பி.எஸ்ஸி.யோடு அதற்கு விண்ணப்பிக்க முடியாது. முதல் வகுப்பு எம்.ஏ. இருந்தால் முடியும். பொதுப்பணிக்குள் நுழைய கலெக்டர் நாற்காலி ஒன்றுதான் வாசல் என்று யார் சொன்னது?

சரி, படிப்புக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு கிராம சபையில் போய் உட்கார்ந்திருந்தேன். நூறு நாள் வேலைக் கூலி மூன்று மாதமாக வரவில்லை என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டார். "மேலேயிருந்து வரணும்மா" என்றார்கள். பாட்டி முந்தானையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தீர்மானப் புத்தகம் கைமாறிக் கைமாறி வந்தது. கையெழுத்துப் பக்கம் நிரம்பியிருந்தது. தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் காலியாக இருந்தது.

அந்த 'மேலே' எங்கே இருக்கிறது? ஊராட்சியிலா, ஒன்றியத்திலா, சென்னையிலா, டெல்லியிலா? பணம் எந்த மேசையில் நிற்கிறது, அதை நகர்த்தும் அதிகாரம் யாருக்கு? பொது நிர்வாகம் என்கிற பாடமே இந்தக் கேள்விதான். பின்னாளில் அமெரிக்க அதிபரான வுட்ரோ வில்சன் நிர்வாகத்தைத் தனித் துறையாகப் படிக்க வேண்டும் என்று 1887-ல் எழுதிய கட்டுரையிலிருந்து, ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து தந்த நம் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் வரை பாடத்திட்டத்தில் எல்லாம் இருக்கும். பாட்டியின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அவை உயிரோடு பேசும். இல்லாவிட்டால் வெறும் நோட்ஸ்.

அப்பாவுக்குப் பணம்தான் கவலை என்றால் அஞ்சல்வழியில் சேருங்கள், கூடவே தேர்வுக்கும் படியுங்கள். அப்புறம், அடுத்த கிராம சபைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. அக்டோபர் 2 அதில் ஒன்று. புத்தகம் உங்கள் கைக்கு வரும்போது முந்தைய பக்கத்தைப் புரட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.