கண்டல் நட்டால் கணக்குத் தீருமா?

கேள்வி: ரீச்சர், எங்கள் பீடம் ஒரு சர்வதேச ஆய்வு மாநாடு நடத்தப் போகிறது. பேச்சாளர்களின் விமானப் பயணம், பஸ், ஜெனரேற்றர் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறும் காபனுக்கு ஈடாக வாவிக்கரையில் ஆயிரம் கண்டல் கன்றுகளை நட்டுவிட்டு, ‘காபன் நடுநிலை மாநாடு’ என்று பதாகை கட்டலாம் என்கிறார்கள். சரிதானா?
– மாணவி, வந்தாறுமூலை

பதில்: மகள், கன்றுகளைத் தாராளமாக நடுங்கள். பதாகை வேண்டாம்.

நான் கல்லடியில் வாவியைப் பார்த்து வளர்ந்தவள், புவியியல் படிப்பித்தவள். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கண்டல் வேருக்குள்தான் ஒதுங்கி வளர்கின்றன. கரை அரிபடாமல் காப்பதும் அந்த வேர்தான். அப்படிப்பட்ட மரத்தை ஒரு மாநாட்டின் கணக்கை நேராக்கும் சாமானாக நினைப்பது எனக்கு வலிக்கிறது. சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் தேறியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர்தான். நீர் ஏறி இறங்கும் மட்டம் பாராமல் நட்டார்கள், இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டார்கள், மாடுகள் மிதித்தன, நட்டபின் பராமரிக்க ஆளில்லை.

தப்பிய கன்றும் காபனைச் சேர்க்கப் பல வருடங்கள் எடுக்கும். விமானப் புகையோ அன்றைக்கே மேலே போய்விடுகிறது. அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் கடந்தும் வளிமண்டலத்தில் நிற்கும். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளிக்குப் பிறகு நம் தென்னந்தோப்புகள் எப்படிக் கிடந்தன என்று உங்கள் அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். மரத்தை நம்பி எழுதிய கணக்கு அப்படி விழுந்தால் அதை யார் நிரப்புவது?

முதலில் வெளியேற்றத்தை அளந்து குறையுங்கள். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். 370 லீற்றருக்கு ஒரு தொன். பலர் கவனிக்காத இடம் குளிரூட்டி. குளிரூட்டிக்குள் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் 2 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். திருத்த வருபவர் பழைய வாயுவைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இருபது நிமிட உரைக்காகக் கடல் தாண்டி வருபவரைக் காணொளியில் பேச அழையுங்கள்.

பெரிய இடங்களும் இந்த வழிக்குத்தான் வந்திருக்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2025இல் காபன் நடுநிலை அடைவோம் என்று 2013இல் அறிவித்தது. பிறகு அதன் ஆய்வாளர்களே சந்தையில் விற்கும் காபன் கிரெடிட்டுகளைத் துருவிப் பார்த்தார்கள். வேறு எங்கோ குறைத்த வெளியேற்றத்தைக் காசு கொடுத்து நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் சீட்டுதான் கிரெடிட். நம்பத்தக்கவை சொற்பம் என்று கண்டார்கள். இப்போது அதன் இலக்கு, 2045க்குள் 2019இன் வெளியேற்றத்தில் 90 வீதத்தை நேரடியாகக் குறைப்பது.

கேள்வி: அப்படியென்றால் பல்கலைக்கழகங்கள் காபன் கிரெடிட் வாங்கவே கூடாதா?
– விரிவுரையாளர், ஒலுவில்

பதில்: வாங்கலாம், குறைக்க முடிந்ததைக் குறைத்தபின் எஞ்சியதற்கு மட்டும். கூரையில் சூரிய மின்தகடு போட ஒதுக்கிய பணத்தில் கை வைக்காதீர்கள். ஒரு கிரெடிட் என்பது ஒரு தொன். உங்கள் பணம் இல்லாவிட்டாலும் அந்தத் தொன் குறைந்திருக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். மின்சாரம் விற்று ஏற்கெனவே இலாபம் பார்க்கும் காற்றாலைக்கு உங்கள் பணம் தேவையில்லை. அதன் கிரெடிட் மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். அழித்த குளிரூட்டி வாயுவோ, கழிவு அழுகும்போது கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் மீதேனை எரித்துவிட்டால் அதுவோ திரும்பி வராது. காட்டுக் கிரெடிட்டைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தன் மாநிலத்திலேயே ஒரு பன்றிப் பண்ணையின் கழிவிலிருந்து மீதேனைப் பிடிக்கும் திட்டத்தில் இறங்கியது. விரிவுரையாளரும் மாணவரும் நேரில் போய் அளக்கலாம். அந்த வசதி வேறு எந்த வாங்குநருக்கு இருக்கிறது?

வாங்கிய கிரெடிட் இன்னொருவருக்கு விற்கப்படாதபடி கிரெடிட்டுகளைப் பதியும் பதிவேட்டில் உங்கள் பெயரில் கணக்கு முடிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் தொடரிலக்கத்தையும், கொடுத்த விலையையும், மொத்த வெளியேற்றம் எத்தனை தொன் என்பதையும் ஆண்டறிக்கையில் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள்.