எங்க அபார்ட்மென்ட்ல தெருப்பூனை தொல்லை ஜாஸ்தி ஆயிடுச்சு, பிடிச்சு வேற ஏரியாவுல விட்டா தீருமா?

தீராது. கொஞ்ச நாளைக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும், அப்புறம் வேற பூனை வரும்.

நீங்களே கேள்வியில எழுதியிருக்கீங்க, பேஸ்மென்ட்ல குப்பைத்தொட்டி மூடி இல்லாம கெடக்கு, பி பிளாக்ல ஒரு அம்மா டெய்லி சாப்பாடு வைக்கறாங்க, அசோசியேஷன்ல அவங்களுக்கு நோட்டீஸ் குடுக்கப் போறோம்னு. சாப்பாடு இருக்கு, பதுங்க இடம் இருக்கு, இருக்கற பூனைய மட்டும் தூக்கிட்டா அது டு-லெட் போர்டு மாட்டின வீடு மாதிரிதான், பக்கத்துத் தெரு பூனை வந்து குடியேறிடும். வர்ற பூனைக்கு கருத்தடை ஆபரேஷனும் ஆகியிருக்காது, வந்த கொஞ்ச நாள்லயே குட்டி போடும். நீங்க கொண்டுபோய் விட்ட பூனை அங்க இருக்கற பூனைங்ககிட்ட அடி வாங்கும், இல்ல திரும்பி வர்றேன்னு ரோட்டுல அடிபடும், அது தனிக்கதை.

நான் இருக்கறது சிங்கப்பூர்ல, வீவக அடுக்குமாடியில, அதாவது அரசாங்கத்தோட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டின வீடு. இந்த ஊரு இந்த விஷயத்துல எல்லா ரவுண்டும் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு. 1998ல அரசாங்கமே பிடி, கருத்தடை பண்ணு, அதே இடத்துல திரும்ப விடுன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. 2003ல சார்ஸ் தொற்றுநோய் வந்ததும் அதை நிறுத்திட்டு பூனைகளைப் பிடிச்சுக் கொன்னாங்க. அதனால பூனை தீர்ந்துடுச்சான்னா இல்ல, 2011ல மறுபடி கருத்தடைக்கே திரும்பி வந்தாங்க. இதுல காமெடி என்னன்னா 1989ல இருந்து வீவக வீட்டுக்குள்ள பூனை வளர்க்கவே கூடாதுன்னு ரூல், கீழ வாய்ட் டெக்ல (புளோக்குக்கு அடியில இருக்கற திறந்த கீழ்த்தளம்) படுத்திருந்தா அது கம்யூனிட்டி கேட், ஊருக்கே பொதுவான பூனை, அதே பூனை லிஃப்ட் ஏறி வீட்டுக்குள்ள வந்தா ரூல் பிரேக். 2024 செப்டம்பர் 1ல இருந்துதான் ஒரு வீட்டுக்கு 2 பூனை வரைக்கும் வச்சுக்கலாம், லைசென்ஸ் எடுக்கணும், மைக்ரோசிப் போடணும்னு மாத்தினாங்க. (சட்டம் மாறாதப்பவே எத்தனை வீட்டு ஜன்னல்ல பூனை உக்காந்து வேடிக்கை பாத்துச்சுன்னு இங்க இருக்கற யாரைக் கேட்டாலும் சிரிப்பாங்க.)

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். அந்த பி பிளாக் அம்மாவுக்கு நோட்டீஸ் குடுக்காதீங்க. நல்ல மனசுக்காகச் சொல்லல, உங்க சுயநலத்துக்காகச் சொல்றேன். உங்க காம்பவுண்டுல எத்தனை பூனை, எது புதுசு, எது மாசமா இருக்கு, எது எத்தனை மணிக்கு எங்க வரும், எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான். கூண்டு வச்சாலும் அவங்க குரலுக்குத்தான் அது வரும், நீங்களும் வாட்ச்மேனும் ஓடிப் பிடிக்கப் போனா ரெண்டு பேர் கையும் கிழியும், அவ்ளோதான். நீங்க மிரட்டினா அவங்க நிறுத்தவும் மாட்டாங்க, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஒளிச்சு ஒளிச்சு மாடிப்படி அடியில, காருக்குப் பின்னாடின்னு பத்து இடத்துல வைப்பாங்க, வச்சுட்டு மாட்டிக்குவோம்னு எடுக்காமலே ஓடிடுவாங்க. அப்புறம்தான் எறும்பு, கரப்பான், எலி எல்லாம் வரும்.

எங்க புளோக்ல ஒரு மலாய்க்கார மக்சிக் (மலாய்ல ஆன்ட்டி மாதிரி) ராத்திரி வருவாங்க, ஒரே நேரம், ஒரே மூலை, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. பேப்பர் விரிச்சு உலர் தீனி கொட்டுவாங்க, பூனைங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அங்கயே நிப்பாங்க, மிச்சத்தை பேப்பரோட சுருட்டி குப்பையில போட்டுட்டு தண்ணிக் கிண்ணத்தைக் கழுவி வச்சுட்டுப் போவாங்க. சாப்பாட்டை அப்படியே விட்டுட்டுப் போனா இங்க குப்பை போட்ட கேஸ், ஃபைன் உண்டு. புளோக்குகளைப் பராமரிக்கற டவுன் கவுன்சிலுக்கு கம்ப்ளெய்ன்ட் பண்றவங்களையும் கவனிச்சுக் கேட்டீங்கன்னா முக்காவாசி பேருக்குப் பூனை மேல கோவமே இல்ல, காஞ்சுபோன சோறு, நாத்தம், ராத்திரி கத்தல், இதுதான்.

அந்தக் கத்தலும் நாத்தமும் ஆபரேஷன் பண்ணினா பெரும்பாலும் அடங்கிடும், இதை உங்க அசோசியேஷன்ல கண்டிப்பா சொல்லுங்க. குழந்தை அழற மாதிரி ராத்திரி கத்தறது ஜோடி தேடறதுக்கும் கடுவன் சண்டைக்கும்தான், தூண்லயும் பைக் சீட்லயும் பீச்சியடிக்கற அந்த மூக்கைத் துளைக்கற வாடையும் பெரும்பாலும் ஆபரேஷன் ஆகாத கடுவனோடதுதான். பொட்டைப்பூனை நாலஞ்சு மாசத்துலயே சினையாகும், ஒம்போது வாரத்துல குட்டி, அதுங்க பால்குடி மறக்கறதுக்குள்ள அடுத்தது, அதனால பட்ஜெட் கம்மின்னா பொட்டையில இருந்து ஆரம்பிங்க. எது பொட்டைன்னு குழப்பமா இருந்தா கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூணும் கலந்த பூனையப் பாருங்க, அது கிட்டத்தட்ட எப்பவுமே பொட்டைதான்.

பிடிக்கறதுக்கு முந்தின ராத்திரி யாரும் சாப்பாடு வைக்கக்கூடாது. பசியில இருந்தாதான் கூண்டுக்குள்ள வரும், மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு வேணும். கூண்டுக்குள்ள டின் மத்தி மீன் வாடைக்குக் கொஞ்சூண்டு மட்டும் வைங்க, கதவு விழுந்ததும் மேல ஒரு துணியப் போட்டு மூடிடுங்க, இருட்டானா பூனை அடங்கிடும். ஆபரேஷன் பண்ணும்போதே இடது காது நுனிய லேசா வெட்டி விடச் சொல்லுங்க, இங்க அதுதான் அடையாளம், காதைப் பாத்தாலே முடிஞ்சதா இல்லையான்னு தெரிஞ்சுடும், திரும்பத் திரும்ப அதையே பிடிக்க வேண்டாம்.

பூனையே பிடிக்காதவங்களையும் வில்லனாக்காதீங்க ப்ளீஸ். புது கார் பானெட்ல நகக் கீறல் பாத்தா யாருக்கும் எரியத்தான் செய்யும், அவங்களுக்கு ஒரு கார் கவர் வாங்கிக் குடுங்க, அசோசியேஷன் காசுலயே. தோட்டத்துல குழந்தைங்க விளையாடாத மூலையில கொஞ்சம் மணல் கொட்டி வச்சா பெரும்பாலும் அங்கயே போய்க்கும், ஆனா டெய்லி யாராவது அள்ளணும், அது யாருன்னு மொதல்லயே பேசிக்கங்க.

இந்த வெறுப்பு முத்தினா எங்க போகும்னும் இங்க பாத்தாச்சு, 2015, 2016 வாக்குல சிங்கப்பூர்ல ஈசூன்ங்கற ஏரியா பக்கம் வரிசையா பூனைங்க செத்துக் கெடந்துச்சு, அந்தப் பகுதி ஆளுங்க ராத்திரி ரோந்து போற அளவுக்கு ஆச்சு.

நீங்க சென்னைன்னு போட்டிருக்கறதால ரெண்டு விஷயம். கருத்தடை பண்ணி விடறது ஏதோ ஃபாரின் ஐடியா இல்ல, சென்னையில ப்ளூ கிராஸ்ங்கற விலங்கு நல அமைப்பு 1964லயே தெருநாய்களுக்கு இதை ஆரம்பிச்சவங்க. 2023ல வந்த மத்திய அரசோட விலங்கு பிறப்புக் கட்டுப்பாடு விதிகள்ல, வளாகத்துக்குள்ள இருக்கற ஓனர் இல்லாத பிராணிகளுக்கு சாப்பாடு வைக்க இடமும் நேரமும் ஏற்பாடு பண்றது குடியிருப்போர் சங்கத்தோட பொறுப்புன்னு இருக்கு. அதாவது நோட்டீஸ் அடிக்கப் போற உங்க செக்ரட்டரிக்குத்தான் வேலை காத்திட்டிருக்கு.

ரெண்டாவது ரேபிஸ். சிங்கப்பூர்ல 1953க்கு அப்புறம் அது இல்ல, அதனால நாங்க இங்க கொஞ்சம் அசால்ட்டாதான் இருப்போம், நீங்க அப்படி இருக்க முடியாது. கீறினாலோ கடிச்சாலோ ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கங்க, சின்ன பூனைதானேன்னு விடாதீங்க. பூனைக்கும் ஆபரேஷன் அன்னைக்கே ரேபிஸ் ஊசி போடமுடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, ஒரு தடவை கூண்டுல மாட்டின பூனைய ரெண்டாவது தடவை ஏத்தறது அந்த அம்மாவாலயே முடியாது.